தண்ணீரை விட்டுவிட்டு ஸ்பாஞ்சைத் தூக்கிக்கொண்டு

முதல் முறை வீடு மாறியபோது நான் பத்திரமாகக் கொண்டுபோனது தண்ணீரைத்தான். பழைய தொட்டித் தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்து, மூடியை இறுக்கி, வண்டியில் ஏற்றினேன். மீன்கள் பழகிய தண்ணீர் கூடவே வந்துவிட்டால் அவற்றுக்கு இடம் மாறியதே தெரியாது என்று நம்பினேன். ஃபில்டரைக் கழற்றி, அதன் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, கறுப்புத் தண்ணீர் நின்று தெளிவாக வரும்வரை அலசி, வெயிலில் காயவைத்துப் பையில் போட்டேன். புது வீட்டுக்கு அழுக்கோடு போகக் கூடாது என்று நினைத்தேன்.

பயணத்தில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. போய்ச் சேர்ந்த இரவு எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. நான்காம் நாள் காலையில் ஒரு டெட்ரா மிதந்தது. அடுத்த நாள் இரண்டு. ஒன்பதாம் நாள் முடிவதற்குள் பதினேழு மீன்களில் ஆறுதான் மிச்சம். தண்ணீர் என்னவோ பளிங்குபோலத்தான் இருந்தது. மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் சிவந்திருந்தன. பயணக் களைப்பு என்று எண்ணி அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன். செய்திருக்கக் கூடாத காரியம் அதுதான் என்று பிறகு புரிந்தது.

மீன் தன் உடம்பின் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மூச்சு விடுகிற இடத்திலேயே கழிவும் போகிறது. சாப்பிடாமல் இருந்தாலும் அது முழுசாக நிற்பதில்லை, குறையத்தான் செய்யும். தொட்டியில் ஒருவகைப் பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு. ஸ்பாஞ்சின் துளைகளிலும் சரளைக் கற்களிலும் கட்டையின் மேலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நான் கேன் கேனாகச் சுமந்துபோன தண்ணீரில் அவை அநேகமாக இல்லை. குழாயடியில் அலசி, குளோரின் கலந்த தண்ணீரில் ஊறவிட்டு, வெயிலில் போட்டேனே, அந்த ஸ்பாஞ்சில்தான் இருந்தன. மாதக்கணக்கில் வளர்ந்த ஒன்றை அரை மணி நேரத்தில் கொன்றுவிட்டு, கேன்களை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பதினோரு மீன்களை இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இரண்டாவது முறை வீடு மாற வேண்டி வந்தபோது, இந்தத் தடவை பதினான்கு மணி நேரப் பயணம் என்று தெரிந்ததும், இரண்டு மாதம் முன்பிருந்தே அதை யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்போது என்னிடம் இருந்தது நான்கடித் தொட்டி, ஏறக்குறைய 250 லிட்டர். அதில் ஐந்து க்ளவுன் லோச், பன்னிரண்டு டெட்ரா, ஒரு பேர்ல் கௌராமி, பாசி தின்னும் ஆன்சிஸ்ட்ரஸ் ஒன்று. லோச்களுக்கு அப்போது ஒன்பது வயது. ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை. சுமத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்த மீன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். ஒன்பது வருடம் ஒரு வீட்டில் கூடவே இருந்த உயிரை, தூரம் அதிகம் என்பதற்காக யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கொடுப்பது தவறு என்று சொல்லவில்லை. பல நாள் பயணம், போகிற இடத்தில் தொட்டி வைக்க வசதி இல்லை, நோயாளி மீன் என்றால் நல்ல கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் அந்த மீனுக்குச் செய்கிற நன்மை. எங்களுக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. பதினான்கு மணி நேரத்தை ஒழுங்காகத் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

புது வீட்டைப் பார்க்கப் போன அன்றே ஒரு பாட்டிலில் அங்குள்ள குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்தேன். ஒரு நாள் திறந்துவைத்துவிட்டுச் சோதித்தேன். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எங்கள் தொட்டியில் 6.8, அங்கே 7.6. கடினத்தன்மையும், அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவும், அங்கே நன்றாகவே கூடுதல். இதைப் போய்ச் சேர்ந்த நாளில் கண்டுபிடித்திருந்தால் திண்டாடியிருப்பேன். முன்னாலேயே தெரிந்ததால், நொறுக்கிய பவளத் துண்டுகளை ஒரு சிறு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போட்டேன். அது மெதுவாகக் கரைந்து கடினத்தன்மையை ஏற்றும். மூன்று வாரத்தில் தொட்டித் தண்ணீர் புது ஊர்த் தண்ணீரை நெருங்கிவிட்டது. மீன்கள் பழைய வீட்டில் இருந்தபடியே புதுத் தண்ணீருக்குப் பழகிவிட்டன. பயணத்துக்காகச் செய்த வேலைகளில் மிகவும் உதவியது இதுதான் என்பேன்.

குழாய்த் தண்ணீரில் இருப்பது வெறும் குளோரினா, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமினா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் என்றால் காற்றுக்குமிழி ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது, அதற்கு மருந்து போட்டே ஆக வேண்டும். குளோரமின் உடைந்தால் அம்மோனியா மிஞ்சும். அதையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிற மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தீனியை நிறுத்தினேன். என் மகளுக்கு இது பிடிக்கவே இல்லை.

"பசிக்காதாப்பா அதுங்களுக்கு?"

"பசிக்கும்மா. ஆனா இப்ப சாப்பிட்டா வழியில அதோட கழிவுலயே அது மூச்சு விடணும்."

வளர்ந்த ஆரோக்கியமான மீன் ஒரு வாரம்கூடச் சாப்பிடாமல் தாக்குப்பிடிக்கும். குஞ்சுகளுக்கு இது பொருந்தாது, அவற்றைப் பட்டினி போடக் கூடாது. அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். தீனி டப்பாவை எடுத்துப் பெட்டியில் அவளே வைத்து ஒட்டினாள்.

மீன் பிடிக்கிற வேலையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். க்ளவுன் லோச்சுக்குக் கண்ணுக்குக் கீழே மடங்கி இருக்கிற ஒரு முள் உண்டு. பயந்தால் அதை விறைத்து நீட்டும். வலையில் பிடித்தால் அந்த முள் வலைக்கண்ணியில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் மீனுக்குக் காயம். பிளாஸ்டிக் பையில் போட்டால் பை கிழியும். அதனால் தண்ணீரைப் பாதிக்கு இறக்கி, கட்டைகளை எடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பிடித்தேன். ஐந்தையும் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவசரப்பட்டிருந்தால் அரை மணியிலும் முடித்திருக்கலாம், மீன் களைத்துப்போயிருக்கும். ஆன்சிஸ்ட்ரஸுக்குக் கன்னத்தில் முட்கள். அதற்கும் வலை வேண்டாம், பையும் வேண்டாம்.

லோச்களை மூடியுள்ள இரண்டு 20 லிட்டர் வாளிகளில் பாதித் தண்ணீரில் விட்டேன். சோப்பே படாத புது வாளிகள். மூடியில் துளையிட்டு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்பின் குழாயை உள்ளே விட்டேன். ஆன்சிஸ்ட்ரஸுக்குத் தனியாக ஒரு சின்ன வாளி. டெட்ராக்கள் நான்கு நான்காக மூன்று பைகளில். பைக்குள் பை, மூலைகளை மடக்கி டேப் ஒட்டியது. மடக்காவிட்டால் அந்தக் கூர்மூலையில் சின்ன மீன் போய்ச் சிக்கி நசுங்கும்.

பையில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, மீதி காற்று. புதிதாகச் செய்கிறவர்கள் கை இங்கேதான் நடுங்கும். பாவம், மீனுக்கு நிறையத் தண்ணீர் கொடுப்போம் என்று பையை நிரப்பிவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அதே ஒரு லிட்டர் சாதாரணக் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. முப்பது மடங்குக்கு மேல். பைக்குள் மீனைக் காப்பாற்றுவது மேலே இருக்கிற காற்றுதான். பையைப் படுக்கவைத்தால் காற்றும் தண்ணீரும் தொடுகிற பரப்பு இன்னும் கூடும். சுத்தமான ஆக்சிஜன் நிரப்பிக் கட்டினால் இன்னும் நீண்ட நேரம் தாங்கும்.

கௌராமியின் பையில் மட்டும் ஆக்சிஜன் அடிக்கவில்லை, வெறும் காற்றுதான். அதுவும் ஃபைட்டர் மீனும் ஒரே வழி, தலைக்குள் இருக்கிற தனி உறுப்பால் மேற்பரப்புக் காற்றை நேராகச் சுவாசிக்கும். அதனால் தண்ணீருக்கு மேலே இடம் அவசியம். பாரடைஸ் மீனும் இந்த இனம்தான். 1869இல் சீனாவிலிருந்து கப்பலில் பாரிசுக்குப் போன பாரடைஸ் மீன்களை வளர்த்து, குஞ்சும் பொரிக்க வைத்தார் பிரெஞ்சு மீன் வளர்ப்பாளர் பியர் கார்போனியே. மோட்டாரும் பேட்டரியும் இல்லாத காலத்தில் அத்தனை நீண்ட கடல் பயணத்தை அந்த மீன்களில் சில தாங்கியதற்கு அந்த உறுப்புதான் காரணம். கௌராமிப் பையைக் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல் நினைவு வரும்.

பைகள் எல்லாம் தெர்மாகோல் பெட்டிக்குள். வாளிகளைச் சுற்றிப் பழைய போர்வை. இவை சாமான் லாரியில் போகவில்லை, எங்களோடு காரில் வந்தன. லாரிக்குள் என்ன சூடு, யார் எதை எதன்மேல் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

தொட்டியை முழுக்கக் காலி செய்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 250 லிட்டரோடு கண்ணாடி எடையும் கல்லும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். கொஞ்சம் தண்ணீரும் கல்லும் உள்ளேயே இருக்கட்டும் என்று தூக்கினால், சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்து சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும். சரளையைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசி வாளியில் எடுத்துக்கொண்டேன். கட்டையில் ஒட்டி வளர்ந்த அனுபியாஸ் செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டேன். வாலிஸ்னேரியாவில் பாதியை விட்டுவிட்டேன். இடம் மாற்றினால் அதன் இலை கரைந்து அழுகும் என்று அனுபவம் உண்டு.

அப்புறம் அந்த ஸ்பாஞ்ச். ஃபில்டரை நிறுத்தி, அதிலிருந்த ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் அலசாமல், அழுக்கோடு, ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர் ஊற்றி அதில் மூழ்க வைத்தேன். அதற்கும் ஒரு ஏர் பம்ப் குழாய். ஃபில்டர் டப்பாவுக்குள்ளேயே மூடி வைத்து எடுத்துப்போகலாமே என்று தோன்றும். அந்தப் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய டப்பாவில் சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும், பிறகு உள்ளே இருப்பவை சாகத் தொடங்கும். திறந்தால் முட்டை அழுகின நாற்றம் வந்தால் அதை அப்படியே தொட்டியில் மாட்டக் கூடாது. காரில் இடம் போதவில்லை, எதை விடலாம் என்று பேச்சு வந்தபோது நான் பழைய தண்ணீர்க் கேன்களைத்தான் இறக்கினேன். 60 லிட்டர் மட்டும் வந்தது. ஸ்பாஞ்ச் வாளி என் மகளின் காலடியில் வந்தது.

இரவு ஏழு மணிக்குக் கிளம்பினோம். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும், வெயிலும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி வாளி மூடியைத் திறந்து, பம்ப் ஓடுகிறதா, தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்தேன். பைகளைத் திறக்கவில்லை, அசைக்கவும் இல்லை.

நடுநிசிக்குப் பிறகு ஒரு நிறுத்தத்தில் டார்ச்சை வாளியின் ஓரமாக அடித்துப் பார்த்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒண்ணு சாஞ்சு கெடக்கு."

எட்டிப் பார்த்தேன். பெரிய லோச், அடியில் ஒருக்களித்து, ஒரு பக்கம் முழுவதும் தரையில் படக் கிடந்தது. வளர்த்தவர்களுக்குத் தெரியும், க்ளவுன் லோச் தூங்குவதே இப்படித்தான். முதல் முறை பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். அவளும் பலமுறை பார்த்திருக்கிறாள். ஆனால் வாளிக்குள், வழியில், அந்த நேரத்தில் பார்த்தபோது எனக்கே வயிறு கலங்கியது.

"செவுளப் பாரும்மா. அசையுது பாரு."

ரெண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். சீராக அசைந்தது. மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்பினோம். விடியும்வரை அவள் தூங்கவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, முதலில் தொட்டிதான் வீட்டுக்குள் போனது. மட்டம் பார்த்து நிறுத்தி, பாதி நிரப்பி ஒரு மணி நேரம் ஒட்டுகளைத் தடவிப் பார்த்தேன், கசிவு இல்லை. அப்புறம் கல், கட்டை, செடி, பழைய தண்ணீர் 60 லிட்டர், மருந்து போட்ட புதுத் தண்ணீர். ஃபில்டருக்குள் அந்த அழுக்கு ஸ்பாஞ்சையும் வளையங்களையும் வைத்து ஓடவிட்டேன். இந்த நேரமெல்லாம் வாளி மீன்கள் வாளியிலேயே பம்ப் காற்றில் இருந்தன. அவை அவசரப்படவில்லை, நானும் அவசரப்படவில்லை.

பைகளின் கதை வேறு. கடையிலிருந்து அரை மணி நேரத்தில் மீன் வாங்கி வரும்போது, பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலக்குவது நல்ல பழக்கம்தான். நீண்ட பயணத்துக்கு அதே முறை ஆபத்து. மூடிய பைக்குள் மீன் விடுகிற கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பி.எச். இறங்கிக்கொண்டே வரும். பி.எச். குறைவாக இருந்தால் அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியம் என்கிற, அவ்வளவு விஷமில்லாத வடிவத்துக்கு மாறிவிடும். மீன் தன் கழிவுக்குள்ளேயே பதினான்கு மணி நேரம் பிழைத்திருப்பது அதனால்தான். பையைத் திறந்தீர்களோ, கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் திரும்ப அம்மோனியாவாகும். பி.எச். ஒன்று ஏறினால் விஷ வடிவம் ஏறக்குறையப் பத்து மடங்காகும். எங்கள் டெட்ராப் பையைத் திறந்ததும் சோதித்தேன், 6.4. தொட்டியில் 7.5. அந்தத் திறந்த பைக்குள் 7.5 தண்ணீரைச் சொட்டவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால், வழியெல்லாம் உயிரோடு வந்த மீனை வீட்டு வாசலில் வைத்துக் கொன்றதாகிவிடும்.

அதனால் மூடிய பைகளைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டேன், வெப்பம் சமமாக மட்டும். பிறகு ஒவ்வொரு பையாகத் திறந்து, மீனை மெல்லிய வலையில் ஏந்தி உடனே தொட்டியில் விட்டேன். பைத் தண்ணீரைக் கீழே கொட்டினேன். மூன்று வாரமாகப் பவளத் துண்டு போட்டுக் கடினத்தன்மையைச் சமன் செய்து வைத்திருந்ததால்தான் இப்படி உடனே மாற்றத் துணிந்தேன். அது இல்லாமல் இருந்திருந்தால், புதுத் தொட்டியை முதலில் பழைய தண்ணீரைப்போலவே தயாரித்து, பிறகு வாரக்கணக்கில் மாற்றியிருக்க வேண்டும்.

அன்று விளக்குப் போடவில்லை. தீனியும் இல்லை. மறுநாள் மாலை ஒரு சிட்டிகை.

பதினான்கு நாள் தினமும் சோதித்தேன். மூன்றாம் நாள் அம்மோனியா 0.25 காட்டியது. தண்ணீரில் கால்பங்கை மாற்றி, தீனியை நிறுத்தினேன். ஐந்தாம் நாள் பூஜ்யம், அதற்கப்புறம் அது ஏறவே இல்லை. நைட்ரைட்டும் இல்லை. முதல் முறை டெட்ரா மிதந்த அந்த நான்காம் நாள் காலையில் நான் விடியுமுன்பே எழுந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் இருந்தன.

ஆறாம் நாள் இரவு சத்தம் வந்தது. க்ளவுன் லோச் தின்னும்போதும் தங்களுக்குள் முட்டிக்கொள்ளும்போதும் விரல் சொடுக்குவதுபோல டக், டக் என்று ஓசை எழுப்பும். பழைய வீட்டில் தினம் இரவு கேட்ட ஓசை. பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருந்தோம்.

"கேக்குதாப்பா?" என்றாள் மகள்.

கேட்டது.

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றால் பொய். எட்டாம் நாள் ஒரு லோச்சின் வாலில் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள். இடம் மாறிய அலைச்சலில் இந்த நோய் முதலில் பிடிப்பது லோச்சைத்தான், செதில் மிகச் சிறியது அதற்கு. மருந்தையும் மற்ற மீன்களைப்போல அது தாங்காது. நான் மருந்துக்குப் போகவில்லை. இரண்டு நாளில் மெதுவாக 30 டிகிரிக்கு வெப்பத்தை ஏற்றினேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் போட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிக்கல்லை உறிஞ்சிச் சுத்தம் செய்தேன், இந்த நோயைத் தருகிற ஒட்டுண்ணி பெருகுகிற நிலை அங்கேதான் இருக்கும். புள்ளிகள் ஐந்து நாளில் உதிர்ந்தன. உதிர்ந்த பிறகும் பத்து நாள் சூட்டைக் குறைக்கவில்லை. அவசரப்பட்டுக் குறைத்தால் மிச்சம் இருப்பது திரும்பி வரும்.

இப்போது அந்தத் தொட்டியின் ஒரு மூலையில், தேவை இல்லாவிட்டாலும், இன்னொரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்து, தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரில் ரெண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்துவிடுவேன். தெரிந்தவர் யாராவது மீனோடு வீடு மாறி வந்து தொட்டி வைத்தால், அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை அந்த மூலையில் வைப்பேன். இதுவரை இரண்டு ஸ்பாஞ்ச் அப்படிப் போயிருக்கிறது.